அத்தை சீப்பில் ஒரு சோதனை

எனக்குத் தலையில் சோரியாசிஸ் வந்து பல வருடங்கள் ஆகின்றன. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் தோல் தடித்துச் சிவந்து, மேலே வெள்ளிச் செதில் உதிரும். தார் வாசனை அடிக்கும் ஷாம்பு, களிம்பு, தேங்காய் எண்ணெய் என்று அதனோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டேன். கறுப்புச் சட்டை போடுவதை மட்டும் விட்டாயிற்று. முதல் தடவை காட்டப் போனபோது டாக்டர், "இது யாருக்கும் ஒட்டாது சார். தோல் அவசரப்பட்டு வளருது, அதான். முழுசாப் போகாது, அடக்கி வைக்கலாம். குடும்பத்துல வேற யாருக்காவது உண்டுமா?" என்று கேட்டார். "என் அத்தைக்கு இருந்தது" என்றேன். ஒட்டாது என்பது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகவில்லை. சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டை விட்டால் அவளுக்குச் சொந்தமென்று வேறு இடம் கிடையாது. அவள் தலையில் இருந்ததற்கு எங்கள் வீட்டில் பெயரும் கிடையாது, 'அது' என்பார்கள். கோவில் புற்றுமண்ணைக் குழைத்துத் தலையில் பூசிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருப்பாள். மண் காய்ந்து உதிரும்போது செதிலும் சேர்ந்து உதிரும். எது மண், எது அத்தை என்று உற்றுப் பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு.

"அத்தை சீப்பத் தொட்டேன்னு தெரிஞ்சிது, தொலிய உரிச்சிருவேன் பாத்துக்க" என்று அம்மா சொல்லியிருந்தாள். ஆனால் அம்மா தினமும் சூடிக்கொண்ட பிச்சிப்பூவைத் தொடுத்துக் கொடுத்தது அத்தைதான், தலையைச் சொறிந்த அதே விரல்களால். 'அது' சீப்பில் ஏறுமாம், பூவில் ஏறாதாம். இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. எதையும் சோதித்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும் என்று பள்ளியில் அறிவியல் வாத்தியார் சொல்லியிருந்தார். அவர் இதை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார்.

குளிப்பறை மாடக்குழியில் அத்தையின் மரச்சீப்பு இருக்கும். குளிக்கப் போகும்போதெல்லாம் அதை எடுத்துத் தலை வாரினேன். பிறகு அம்மாவின் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துக் காதோரத்தில் செதில் தேடினேன். ஒரு வாரம் பயங்கரமாக அரித்தது. வந்துவிட்டது என்று கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பார்த்தால் பேன். தீபாவளி போய்ப் பொங்கல் வந்தது, 'அது' வரவில்லை. ஒட்டாது என்று நிரூபித்துவிட்டேன். ஆனால் வெளியே சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. கண்டுபிடிப்பை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அத்தை என்னைப் புறவாசலுக்குக் கூப்பிட்டாள். கையில் சீப்பு.

"ஏலே மக்கா, இதுல தல வாருனியா?"

"இல்ல அத்தை."

"பொய் சொல்லாதல. இத்துனூண்டு முடி இந்த வீட்ல வேற யாருக்கு இருக்கு?"

"அப்பாவுக்கு."

"உங்கப்பாவுக்கு ஏதுல முடி?"

வேறு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்போம். அவள் ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து, விரல் படாமல் என் முடியை வகிர்ந்து வகிர்ந்து பார்த்தாள். "அரிக்கா? உண்மையச் சொல்லு." அரிக்கவில்லை என்றேன். மாதக்கணக்கில் வாருகிறேன், ஒன்றும் வரவில்லை என்று அதோடு சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அம்மாவின் கையை நினைத்து, சீப்பைத் தொடவே இல்லை என்று சாதித்துவிட்டேன்.

அத்தை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த வாரமே, சிவகிரியில் இருந்த ஒன்றுவிட்ட அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள்.

"திடீர்னு என்னட்டி? நான் எதுவும் சொல்லிட்டேனா?" என்று அம்மா பதறினாள்.

"நீங்க என்ன மைனி சொன்னிய? சும்மா, கொஞ்ச நாள் இருந்துட்டு வாரேன்."

அவள் திரும்பி வரவில்லை. அந்த வீட்டின் பின்கட்டில் ஒண்டிக்கொண்டிருந்து, அங்கேயே இறந்துபோனாள்.

அவள் சிவகிரிக்குக் கிளம்பிய அன்று பஸ் ஏற்றிவிட அப்பாவோடு நானும் போயிருந்தேன். ஜன்னல் வழியே அவள் கையைப் பிடிக்கப் போனேன். வெடுக்கென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, "தள்ளி நில்லுல. நல்லாப் படி, என்ன" என்றாள். பொய் சொன்னதற்குக் கோபம் என்று நினைத்தேன். சீப்பு விஷயத்தை அம்மாவிடம் சொல்லாமல் கிளம்புகிறாளே என்று உள்ளூர நிம்மதியாகவும் இருந்தது. என்னைக் காப்பாற்றத்தான் அத்தை வீட்டை விட்டுப் போகிறாள் என்பதும், அதற்கு அவசியமே இல்லை என்று அந்த பஸ் ஸ்டாண்டில் தெரிந்திருந்த ஒரே ஆள் நான்தான் என்பதும் அன்று எனக்கு விளங்கவில்லை.