பெயர்ந்துபோன செம்புத் தடம்

ராஜபாளையத்தில் எங்கள் திருச்சபையின் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்தவள் நான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வாரத்தில் ஆறு நாள் ஒரு ஸ்டெபிலைசர் கம்பெனியில் வேலை. சர்க்யூட் போர்டுகளில் ஈயம் வைத்துப் பத்தவைப்பதுதான் அங்கே என் வேலை. காலையில் சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தால் சாயங்காலம்தான் கீழே வைப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த விஷயத்தில் சம்பந்தப்பட்ட சபைக்காரர்கள் எல்லோருக்கும் இது நன்றாகத் தெரியும்.

கிட்டார் சபைக்குச் சொந்தம். சிங்கப்பூரில் இருந்த ஒரு குடும்பம் வாங்கி அனுப்பியது. அதன் பக்கவாட்டில் சின்னதாக ஒரு பிரீ-ஆம்ப் பதித்திருக்கும். கம்பியின் அதிர்வை வாங்கி, கூட்டி, ஸ்பீக்கருக்கு அனுப்புகிற போர்டு அது. வயரைச் செருகும் சாக்கெட்டும் அதே போர்டில்தான் பத்தவைக்கப்பட்டிருந்தது.

ஒரு ஞாயிறு, ஆராதனைக்கு நடுவே கரகரவென்று இரைச்சல் வந்தது. பிறகு சத்தமே இல்லை. பிளக்கை ஒரு பக்கமாக அழுத்தினால் சத்தம் வந்தது, விட்டால் போனது. சாக்கெட்டின் வெளிப்பக்க நட்டு தளர்ந்திருந்தது. வயரைச் செருகும்போதெல்லாம் சாக்கெட் ஆடி ஆடி உள்ளே ஈயம் விரிசல் விட்டிருக்கிறது. எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது.

குழுத் தலைவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவரிடம் போய்ச் சொன்னேன்.

“சார், சால்டர் விட்டிருக்கு. நாளைக்குக் கம்பெனிக்குக் கொண்டு போயி அஞ்சு நிமிசத்துல வச்சுட்டு வாரேன்.”

“நீ வயரப் போட்டு இழுத்திருப்ப, அதான் போயிருச்சு. வெளிநாட்டுச் சாமான்மா இது. பொம்பளப் பிள்ள நோண்டுற விஷயமில்ல. ஸ்ரீவில்லிபுத்தூர்ல நமக்குத் தெரிஞ்ச ரேடியோக்காரர் இருக்காரு.”

மனசு கேட்காமல் நானும் அரைநாள் லீவு போட்டு அவரோடு பஸ் ஏறினேன். ரேடியோக்காரர் பிரீ-ஆம்பைக் கழற்றிப் போர்டை வெளியே எடுத்தார். பிறகு அவர் கையில் எடுத்த அயர்னைப் பார்த்தேன். தகர டப்பாவுக்கு ஓட்டை அடைக்கிற மாதிரி தடித்த முனை.

“அண்ணே, முனை பெருசு. போர்டுல ஒட்டியிருக்க செம்பு பேந்துரும். சின்ன அயர்ன் இல்லையா?”

அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. வாத்தியாரிடம் கேட்டார்: “யாரு சார் இது? ஒங்க மகளா?”

“இல்ல, கிட்டார் வாசிக்கிற பிள்ள.”

“செத்த தள்ளி நில்லும்மா. இருவது வருசமாப் பாக்கேன், எனக்குத் தெரியாதா?”

அயர்னை வைத்து அழுத்தினார். எடுக்கவேயில்லை. புகை வந்தது. பச்சை போர்டு பழுப்பானது. கடைசியில் அயர்னைத் தூக்கியபோது, சாக்கெட்டின் காலுக்குப் போகும் செம்புத் தடம் வெங்காயத் தோல் மாதிரி பெயர்ந்து கூடவே வந்தது.

“போர்டே வீணாப் போச்சு சார்,” என்றார் அவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். “கண்டபடி இழுத்து வாசிச்சிருக்காங்க. இனி ஒண்ணும் செய்ய முடியாது.”

“இப்பத்தான நீங்க பேத்தீங்க!” என்று கத்திவிட்டேன்.

“கடையில வந்து மரியாதையாப் பேசு,” என்றார் வாத்தியார். ரேடியோக்காரரிடம் அல்ல, என்னிடம்.

அடுத்த வாரம் சபைக் கமிட்டியில், கிட்டார் என் கவனக்குறைவால் கெட்டுப்போனது என்று வாத்தியார் சொல்லி, கமிட்டி நோட்டிலும் எழுதவைத்திருக்கிறார். கமிட்டியில் யாரும் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் நேராகப் போதகரிடம் போனேன். “ஐயா, எப்படியும் கெட்டுப்போனதுதானே? ஒரு நாள் எங்கிட்டக் குடுங்க.” அவர் எடுத்துக்கொடுத்தார்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில், சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தேன். பெயர்ந்ததுபோக மிச்சமிருந்த தடத்தின் மேலிருந்த பச்சைப் பூச்சைப் பிளேடால் மெல்லச் சுரண்டினேன். பளிச்சென்று செம்பு தெரிந்தது. அதில் தொட்டும் தொடாமலும் ஈயம் பூசினேன். ஒரு வயரைச் சீவி, உள்ளிருந்து ஒற்றை இழை எடுத்து, சாக்கெட்டின் காலில் சுற்றித் தடம்வரை படுக்கவைத்துப் பத்தவைத்தேன். மீட்டரை வைத்தேன். முள் துள்ளிப் போய் நின்றது, இணைப்பு சேர்ந்துவிட்டது. நட்டையும் ஸ்பேனரால் இறுக்கினேன். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் டிபன் டப்பாவையும் காலி செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கிட்டார் கணீரென்று பேசியது. ஆராதனை முடிந்ததும் வாத்தியார் மைக்கைப் பிடித்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் சகோதரர் எடுத்த முயற்சிக்கு சபை சார்பாக நன்றி என்றார்.

கிட்டாரோடு எழுந்து நின்றேன். “அவிய பேத்துப் போட்டாவ. பத்தவச்சது நான்,” என்றேன். மைக் தேவைப்படவில்லை.

“எல்லாம் தேவ கிருபைதான்,” என்று சிரித்துச் சமாளித்தார் வாத்தியார்.

அதோடு விட்டாரா? மறு வாரமே கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கண்டவர்கள் திறந்து பார்க்கக் கூடாதாம். கெடுத்தவனுக்கு நன்றி, சரிசெய்தவளுக்குப் பூட்டு! சாவி என்னிடம் இல்லாமல் கிட்டாரைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மூன்று ஞாயிறு ஆர்மோனியம் மட்டும் ஒலித்தது.

நான்காவது வாரப் பயிற்சியில், எங்களோடு பாடுகிற, பேண்டேஜ் துணிக் கம்பெனியில் தறி பார்க்கிற அக்கா ஒருத்தி பாட்டுப் புத்தகத்தை மூடிவைத்தாள்.

“சார், சாவிய அவட்டக் குடுத்துருங்க. இல்லேன்னா நாங்களும் நிப்பாட்டிக்கிடுதோம்.”

மற்ற பெண்களும் ஒவ்வொருவராகப் புத்தகத்தை மூடினார்கள். வாத்தியார் சாவியை எடுத்தார். என் கையில் தரவில்லை, ஆர்மோனியத்தின் மேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் போய் எடுத்துக்கொண்டேன்.

கல்யாணமாகிச் செட்டியார்பட்டிக்குப் போகும்வரை அந்தக் கிட்டாரை வாசித்தேன். ஒரு நாள்கூட அது கரகரக்கவில்லை. கமிட்டி நோட்டில் என்னைப் பற்றி எழுதிவைத்ததை யாரும் அடித்துத் திருத்தவில்லை. ஒருவரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. இன்னுமா கோபம் என்று என் வீட்டுக்காரர் கேட்பார். ஆமாம், இன்னும்தான்.