பரளச்சிக் கிணற்றில் கவிழ்த்த குடம்

வாசகரே, எந்த அலுவலகத்திலும் நான் இதுவரை சொல்லாததற்கு நீங்களே சாட்சி.

கொசுப்புழு தின்னும் சிறுமீன்களைக் கிணற்றில் விட, சுகாதார இலாகா ஊழியர் ஒருவர் பரளச்சிக்கு வந்தார். குடம் சுமந்து சுமந்து ஒரு தோள் தாழ்ந்த மனிதர். கிணற்று நீரைச் சிரட்டையில் மொண்டு, மீன்குடத்தில் சிறிது சிறிதாகக் கலந்துவிட்டுக் காத்திருப்பது அவர் வழக்கம். கிணற்றடியில் நடந்த மலேரியா ஒழிப்புக் கூட்டத்தில் நான் முழங்கி முடித்தபோதும் அவர் குடத்தில் நீரைக் கலந்தபடியே இருந்தார்.

“சாக்கடையிலும் வாழும் மீனுக்கு இத்தனை உபசாரமா?” என்றேன். கூட்டம் சிரித்தது.

“சாக்கடையிலயும் பொழைக்கும், தம்பி. ஆனா இந்தக் கெணறு உப்பு. சடார்னு தண்ணி மாறுனா தாங்காது. செத்த நேரம் பொறுங்க.”

கைதட்டல் ஓய்வதற்குள் குடத்தைப் பிடுங்கிக் கவிழ்த்தேன். மாலைக்குள் அத்தனை மீன்களும் வயிறு வெளுத்து மிதந்தன.

பார்வையிட வந்த மேலதிகாரி, “உன் வேலை இன்றோடு போயிற்று!” என்று அவரிடம் இரைந்தார்.

ஊழியர் என் பக்கம் திரும்பினார். “அம்புட்டு நேரம் பேசுனீகளே தம்பி, இப்பப் பேசுங்க.”

என் நா எழவில்லை. என் தந்தையின் நிலத்தில் பிழைக்கும் ஊரும் வாய் திறக்கவில்லை.

அவர் ஏறிய பஸ் மறைந்தபின், ஆளற்ற சாலையில் மேடைக்குரலிலேயே உரக்கச் சொன்னேன்: “நாளையே திருச்சுழி சுகாதார அலுவலகத்துக்கு வந்து, குடத்தைக் கவிழ்த்தவன் நானே என்று சொல்வேன்!”