வயரே இல்லாமல் ஏறிய முள்

இன்று காலை கள்ளக்குறிச்சியில் மெக்கானிக் அண்ணன் என் பழைய காரின் டெம்பரேச்சர் சென்சார் வயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றிவிட்டார்.

"சென்சார் பூடுச்சுங்க மேடம். புதுசு நாளைக்குத்தான் வரும். அதுவரிக்கும் மீட்டர் முள்ளு கீழயே கெடக்கும். பயப்படாம போங்க."

வெள்ளிமலைக்குப் போயே ஆகவேண்டும். கிளம்பிவிட்டேன்.

கச்சிராயபாளையம் தாண்டியும் முள் அசையவில்லை. மலையில், சாலையோரக் கல்லைக் கல்சாமி என்று கும்பிடும் வளைவில்தான் அது எழுந்தது. தூக்கம் கலைந்து எழுவதுபோல மெல்ல எழுந்து, சிவப்புக் கோட்டில் நின்றது.

நிறுத்தி பானெட்டைத் திறந்தேன். ஆவி இல்லை, கொதிக்கும் சத்தமில்லை. வயர் டேப்போடு, எதன்மேலும் படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

மெக்கானிக்குக்கு போன் போட்டேன். கல்சாமி வளைவில் முள் ஏறி நிற்பதைச் சொன்னேன்.

"கல்சாமிகிட்டயா? உங்களுக்கு முன்ன வண்டி வச்சினு இருந்தவரு அங்க நிறுத்தாம போவவே மாட்டாருங்க. ரேடியேட்டருக்கு ஊத்திட்டு, மிச்ச தண்ணிய அந்தக் கல்லு மேல ஊத்திட்டுத்தான் எடுப்பாரு."

"இதெல்லாம் நம்புறீங்களாண்ணா?"

"நான் நம்புறது கெடக்கட்டும். கையில தண்ணி இருக்குதுங்களா?"

யாரும் வருகிறார்களா என்று முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, குடிக்க வைத்திருந்த பாட்டிலைக் கல்லின்மேல் கவிழ்த்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து வண்டியை ஸ்டார்ட் செய்தால், முள் கீழேயே கிடக்கிறது.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சாயங்காலம் அதே வழியில் இறங்கவேண்டும், அவ்வளவுதான்.

இறங்கும்போதும் ஊற்றணுமா, ஏறும்போது மட்டும் போதுமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன்.