முனியாண்டி கட்டிய கைப்பேசி

இரண்டு வாரமாக என் கைப்பேசி என்னை வரவேற்றுக்கொண்டே இருந்தது. திரை அணையும். சற்றுப் பொறுத்து நிறுவனத்தின் பெயர் தோன்றும். பிறகு மலாயில் 'செலாமட் டாத்தாங்', அதாவது நல்வரவு என்று ஒரு வாசகம் வரும். சரி, வந்துவிட்டோம் என்று ஓர் எண்ணைத் தேடுவதற்குள் மறுபடி அணையும், மறுபடி நல்வரவு. மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் செமோருக்கு வந்து வருடங்கள் ஆகின்றன. இந்த நாடு என்னை இப்படி வாய் நிறைய வரவேற்றதே இல்லை. மனைவி இந்நாட்டுக்காரி என்பதால் எனக்கு ஒரு விசா உண்டு. அது காலாவதியாகும், புதுப்பிப்பார்கள், மறுபடி காலாவதியாகும். அந்த வகையில் நானும் கைப்பேசியும் ஒரே ரகம்.

அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து பொறியியல் பட்டத்தோடு வந்து, ஈப்போவில் ஏர்கான் பழுது பார்த்துக்கொண்டு, மாமியார் வீட்டில் சாப்பிடுகிறவன் நான். வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊரில் சொல்லும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு வருமே, அதே ஆள். இங்குள்ள தமிழர்களுக்கு நான் 'ஊர்க்காரர்'. ஊருக்குப் போனால் 'மலேசியாக்காரர்'. இரண்டு பக்கமும் விருந்தாளி என்பதால் இரண்டு பக்கமும் மரியாதைக்குக் குறைவில்லை. உரிமைதான் கொஞ்சம் குறைச்சல்.

ஊரில் மிச்சமிருந்த ஒரே உரிமை தாய்மாமன் உரிமை. தங்கை தன் பிள்ளைக்குக் காதுகுத்து வைத்திருந்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த நேரம் பார்த்து என் விசா புதுப்பிப்பில் கிடந்தது. கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், கையில் இல்லை. உறவுகள் கூடி ஓர் ஏற்பாடு செய்தார்கள். பெரியப்பா மகன் குமரேசன் பிள்ளையைப் பிடித்துக்கொள்வான், எதிரே கைப்பேசியில் என் முகம் இருக்கும், சபையில் 'தாய்மாமன் மடி' என்று என் பெயரைச் சொல்வார்கள். படம் வராவிட்டால் குமரேசனே தாய்மாமன். சின்ன வயதிலிருந்தே என் பங்கு முறுக்கையும் சேர்த்துத் தின்றவன் அவன். இதையும் அவனுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

இந்தக் கவலையை மாமியாரிடம் சொன்னது என் தப்பு. அத்தை ரப்பர் தோட்டத்தில் பிறந்து பால் மரம் சீவியவர். தோட்டம் போய், தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகள் போய், இப்போது அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனையும் வரிசை வீடுகளும் நிற்கின்றன. முனியாண்டி மட்டும் அதே மரத்தடியில் அரிவாளோடு இருக்கிறார். எங்கள் ஊரில் புது வண்டி வாங்கினால் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்போம், அவ்வளவுதான். இங்கே சாமிகளுக்கு வேலை அதிகம். அத்தை என் கைப்பேசியை முனியாண்டியிடம் கொண்டுபோய், சுருட்டு வைத்துக் கும்பிட்டு, மஞ்சள் காப்புக் கயிற்றை அதன் மேல் சுற்றோ சுற்றென்று சுற்றி இறுக்கி முடிந்து கொண்டுவந்தார்.

"காரியம் முடியுற வரைக்கும் அவுக்கக் கூடாது மாப்ள," என்றார். "தடங்கல் ஒண்ணும் வராது, பாருங்க."

அன்று சாயங்காலமே தடங்கல் தொடங்கியது.

படித்த படிப்பை எல்லாம் காட்டினேன். மென்பொருளைப் புதுப்பித்தேன், சிம்மைக் கழற்றித் துடைத்தேன், கடைசியில் உள்ளே இருந்ததை எல்லாம் அழித்துப் புதிதாகத் தொடங்கினேன். புதிதாகவும் அணைந்தது. அப்புறம்தான் கயிறு போகும் வழியைப் பார்த்தேன். பக்கவாட்டுப் பொத்தானின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. பொத்தானை ஒருவர் ஓயாமல் அழுத்திக்கொண்டிருந்தால் கைப்பேசி பாவம் என்ன செய்யும்? செத்துச் செத்துப் பிழைக்கும். பல் குத்தும் குச்சியால் கயிற்றை நகர்த்திப் பார்த்தேன். தோட்டத்தில் வளர்ந்த அத்தை போட்ட முடிச்சு, அசையவில்லை.

ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலைக்குப் போகும் மனைவியிடம் முறையிட்டேன். "அம்மா கட்டுனத அவுத்து வீட்ல சண்டைய இழுக்காதீங்க லா," என்றாள். "கொஞ்ச நாளு தானே, பொறுத்துக்கலாம்." காரியம் முடிந்தால் கயிற்றை அவிழ்க்கலாம்; கயிற்றை அவிழ்த்தால்தான் காரியம் நடக்கும். இந்தச் சிக்கலுக்கு என் பாடப் புத்தகங்களில் விடை இல்லை.

பழியை வேறொருவர் தலையில் போடலாம் என்று ஈப்போவில் ஒரு சீனரின் கைப்பேசிக் கடைக்குப் போனேன். அவர் கயிற்றைக் கண்டதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இத்து தோக்கோங் புன்யா பெனாங். சாயா தா பெரானி போத்தோங் லா." கோயில் நூலாம், வெட்ட அவருக்குத் துணிச்சல் இல்லையாம்.

கூலி போதவில்லை என்கிறார் போலும் என்று நினைத்து, கூடுதலாகத் தருகிறேன் என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. கடை வாசலில் தரையோடு தரையாக இருந்த தன் சிவப்புச் சாமி மாடத்தைக் காட்டி, "உங்க சாமி, எங்க சாமி, எல்லாம் பக்கத்து வீடு" என்ற பொருளில் மலாயில் ஏதோ சொன்னார். கயிறு கட்டிய கைப்பேசியை இரண்டு கையாலும் எடுத்து, பிரசாதம் போலத் திருப்பித் தந்தார். நாளெல்லாம் கைப்பேசிகளின் வயிற்றைக் கிழிக்கிற மனிதர் ஒரு முழம் நூலுக்கு நடுங்குகிறாரே என்று பேருந்தில் வீடு வரும் வரை மனதுக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன்.

எனக்குக் காது குத்தியபோது என் தாய்மாமாவின் பட்டு வேட்டியை நனைத்துவிட்டேனாம். நான் தாடி வளர்த்த பிறகும் மாமா அதைப் பந்திக்குப் பந்தி சொல்லிக்காட்டுவார். கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கிறது. ஆனால் அப்படிச் சொல்லிக்காட்ட எனக்கும் ஒரு பிள்ளை வேண்டும் என்று இருந்தது. கைப்பேசி வழியாக யாரும் யார் வேட்டியையும் நனைக்க முடியாது என்பதும் தெரிந்துதான் இருந்தது.

காதுகுத்து நாள் வந்தது. அங்கே காலை, இங்கே உச்சி வெயில். மனைவி தொழிற்சாலையில், அவள் கைப்பேசி அங்கே பூட்டிய பெட்டிக்குள். அத்தையிடம் இருந்தது பொத்தான் வைத்த பழையது. பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் கம்போங்குக்கு, அதாவது சொந்தக் கிராமத்துக்குப் போயிருந்தது. நான் வேட்டி கட்டி, கூடத்தில் பாய் விரித்து, கைப்பேசியை நாற்காலி மேல் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன்.

தங்கையின் குரல் மட்டும் வந்தது. "அண்ணே, ஆசாரி வந்துட்டாரு. உன் மூஞ்சி தெரியல. குமரேசண்ணன் கேக்குது..." அணைந்தது. செலாமட் டாத்தாங்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கத்திரிக்கோலை எடுத்தேன். எடுத்தேனே தவிர, கயிற்றுக்குக் கீழே நுழைத்த பிறகு விரல் மடங்கவில்லை. பேருந்தில் சிரித்த சிரிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அத்தை, இந்தக் கயிறு இருக்குற வரைக்கும் என் தங்கச்சி பிள்ளைக்கு நான் மாமன் இல்ல," என்றேன்.

அத்தை எழுந்து வந்தார். கத்திரிக்கோலை என் கையிலிருந்து வாங்கினார். தோட்டம் இருந்த திசை பார்த்து, "ஐயா, மாப்ள மேல தப்பில்ல. எதுனாலும் என் மேல வச்சுக்க," என்று சொல்லி நறுக்கென்று வெட்டினார். வெட்டிய கயிற்றைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். "காரியம் முடியட்டும். அதுவரைக்கும் என் கையில இருக்கட்டும்." இத்தனை நாள் நான் கேலி செய்தது இவரையா என்று வெட்கமாக இருந்தது.

படம் வந்தது. பந்தல், மாலை, மொட்டைத் தலைப் பிள்ளை, அவனைப் பிடித்திருந்த குமரேசனின் கைகள். யாரோ சபையில் 'தாய்மாமன் மடி' என்று என் பெயரைச் சொன்னார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை வீறிட்டான். நான் இங்கே இரண்டு கையையும் நீட்டிவிட்டேன்.

"மாப்ள," என்றார் அத்தை மெதுவாக, "பிள்ள அங்க இருக்கு."

குத்தி முடிந்தது. தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட, யாரோ கைப்பேசியை வானம் பார்க்கப் படுக்கப் போட்டுவிட்டார்கள். பந்தல் துணி மட்டும் தெரிந்தது. இலை போடச் சொல்லும் சத்தம், குமரேசனின் சிரிப்பு, யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது எல்லாம் கேட்டன. என்னைத் துண்டிக்க ஒருவருக்கும் நினைவில்லை. கைப்பேசியும் அணையவில்லை. சம்மணமிட்ட கால்கள் மரத்துப்போயிருந்தன. மடியைக் கலைக்கத்தான் மனம் வரவில்லை.