விழுந்த மரமும் ஒரு பாத்திரம் டீயும்

இந்த ஊரில் வீடுகளுக்கு கேட் கிடையாது. காம்பவுண்டு சுவரும் கிடையாது. ஒரு வீட்டில் தொடங்கும் புல்தரை அடுத்த வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். எது யாருடைய எல்லை என்பது அவரவருக்குத்தான் தெரியும். இப்படித் திறந்துகிடக்கும் வீட்டுக்கு யாருமே வருவதில்லை என்பது, கனடாவின் கிழக்குக் கரைக்கு வந்து இரண்டு வருடமாகியும் எனக்குப் பழகவில்லை. என் வாசலை மிதித்தவர்கள் தபால்காரரும் மீட்டர் பார்ப்பவரும்தான். தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு இரும்பு கேட் உண்டு. சுவர்மேல் கண்ணாடிச் சில்லுகூடப் பதித்து வைத்திருந்தார் அப்பா. தெருவே உள்ளே வந்து போகும்.

போன மாதம் இங்கே புயல் அடித்தது. காலையில் கதவைத் திறந்தால், நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முன்னால் நின்ற மேப்பிள் மரம் வேரோடு சாய்ந்து, கார் நிறுத்தும் பாதையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. வேறு நகரத்தில் இருக்கும் வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டேன். கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும், அறுத்து விறகாக நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். அதற்குள் தெருவில் மெஷின் ரம்பங்களின் சத்தம் ஆரம்பித்துவிட்டது. அவரவர் மரத்தை அவரவர் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இன்னொருவர் பக்கம் தலையைத் திருப்பக்கூட இல்லை.

நான் ரம்பத்தைத் தேடவில்லை. வீட்டிலேயே பெரிய பாத்திரமாகப் பார்த்து அடுப்பில் ஏற்றி டீ போட்டேன். இருந்த கப்புகளையெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். மரம் விழுந்த வீட்டில் முதல் வேலை அதுதான் என்று எனக்குள் பதிந்திருந்தது.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். இரவெல்லாம் காற்று அடித்து, எங்கள் வீட்டு வேப்பமரம் சுவரை உடைத்துக்கொண்டு தெருவில் போய் விழுந்தது. மின்சார ரயில் ஓடவில்லை என்று செய்தி வந்ததால் குரோம்பேட்டைக்கு வேலைக்குப் போகும் அப்பா வீட்டில் இருந்தார். அவருக்குப் பேனா பிடிக்கத்தான் தெரியும். மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. தெருமுனையில் இட்லிக்கடை போட்டிருந்த செல்வி அக்காதான் முதலில் வந்தார், இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு, கையில் அருவாளோடு. பின்னாலேயே நாலைந்து வீட்டுக்காரர்கள் கோடாலியும் கயிறுமாக. அம்மா பள்ளிக்கூட டீச்சர், மரியாதை பார்ப்பவர். ஐயோ வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

"இன்னா டீச்சரம்மா, வேணாங்கிறே? நான் உன்னக் கேட்டனா? நீ போயி டீ போடு" என்றார் செல்வி அக்கா. அருவாள் அதற்குள் கிளையில் இறங்கியிருந்தது.

அம்மா போய்ப் பெரிய பாத்திரத்தில் டீ போட்டார். சாயங்காலத்துக்குள் மரம் காணாமல் போயிற்று. தழையை ஆட்டுக்காரர் கொண்டுபோனார். சுள்ளியைக் கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்து போனார்கள். அடிமரத்தைப் பிளந்து எல்லார் வீட்டுச் சுவரோரமும் அடுக்கிக் காய வைத்தார்கள். மண்ணெண்ணெய் சரியாகக் கிடைக்காத காலம், விறகு என்றால் சும்மாவா? அது காய்ந்து அடுப்புக்குப் போன நாட்களில் தெரு முழுக்க எங்கள் வேப்பமரத்தின் புகை. அம்மா சொன்ன அந்த 'வேண்டாம்' என்பதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொள்வார்கள் என்று அம்மாவும் நினைக்கவில்லை.

அதனால்தான் இங்கே நானும் காத்திருந்தேன். மரம் அங்கேயே கிடந்து மக்கினாலும் எனக்கு ஒன்றுமில்லை. யாராவது ஒருவர் வர வேண்டும், வந்து நின்று ஒரு கப் டீ குடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு வந்தார். பக்கத்து வீட்டு ஹெரால்ட், மனைவியை இழந்த பெரியவர். கையுறைகூட மாட்டியிருந்தார். உதவி ஏதும் வேண்டுமா என்று கேட்டார். இரண்டு வருடமாகக் காத்திருந்த மனிதன் என்ன சொல்ல வேண்டும்? அம்மா பிள்ளை அல்லவா நான். வாயெல்லாம் சிரிப்பாக, "நோ, நோ. இட்ஸ் ஓகே" என்றேன். சொல்லிவிட்டு, அவர் என்னைத் தள்ளிவிட்டு மரத்தில் கை வைப்பார் என்று நின்றேன். அவர் தலையை ஆட்டினார். "ஆல்ரைட் தென்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். கூப்பிட்டிருக்கலாம். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. டீயைச் சிங்க்கில் கொட்டினேன்.

கைரம்பமும் கோடாலியும் வாங்கிவந்து நானே அறுத்தேன். ஆய்வுக்கூட வேலை முடிந்து வந்து, இருட்டுவதற்குள் இரண்டு துண்டு. உள்ளங்கை கொப்பளித்தது. பிளந்ததை வீட்டோரம் அடுக்கினேன். பச்சை மரம், அடுத்த குளிருக்குத்தான் எரியுமாம்.

இதற்கிடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் பேசினேன். அப்பா போன பிறகு அம்மா அங்கே தனியாகத்தான் இருக்கிறார். சென்னையிலும் புயலாம், கொல்லையில் நின்ற மாமரம் விழுந்துவிட்டதாம். எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. யார் யார் வந்தார்கள் என்று ஆவலாகக் கேட்டேன்.

"யாரும் வரலடா. எல்லார் வீட்லயும் கேஸ் வந்துடுச்சு, யாருக்கு விறகு வேணும்? செல்வியும் படப்பை பக்கம் போயிட்டா. நான்தான் பைத்தியக்காரி மாதிரி கேட்டைத் திறந்து வச்சுட்டு, பெரிய பாத்திரத்துல டீயப் போட்டுட்டு உக்காந்திருந்தேன்."

அப்புறம் அம்மா, "அங்க உனக்கு யாராவது வந்தாங்களாடா?" என்றார்.

"வந்தாரும்மா. பக்கத்து வீட்டுக்காரர் வந்தாரு" என்றேன். பொய் இல்லை.

போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் வந்தால், ஹெரால்ட் தன் வீட்டுப் பின்பக்கத்தில் பிளந்து போட்டிருந்த விறகை ஒவ்வொன்றாகக் கொட்டகைக்குச் சுமந்துகொண்டிருந்தார். இரண்டு நடைக்கு ஒருமுறை நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கேட் இல்லாத ஊர்தானே, நேராகப் புல்லில் நடந்து போனேன். ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து, கைகொண்ட மட்டும் விறகை அள்ளிக்கொண்டு நிமிர்ந்தேன்.

"நோ, நோ. இட்ஸ் ஓகே" என்றார் ஹெரால்ட். முகத்தில் சிரிப்பு இருந்தது.

அவர் ஊர்க்காரர் சொன்னால் விறகைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். என் ஊர்க்காரர் சொன்னால் கொட்டகைக்கு நடக்க வேண்டும். இது எந்த ஊர் 'வேண்டாம்' என்று தெரியாமல், கை நிறைய விறகோடு அந்தப் புல்தரையில் நின்றுகொண்டிருந்தேன்.