கத்தாத பெட்டி

முதுகுளத்தூர் பேருந்தில் என் மடியிலிருந்த தகரப் பெட்டி திடீரெனக் கத்தத் தொடங்கியதும், பக்கத்து இருக்கைப் பெண்மணி கால்களைத் தூக்கிக்கொண்டார். "ஏத்தா, உள்ள கோழிக்குஞ்சா வச்சிருக்க?" பேருந்தே சிரித்தது. முன்னால் அமர்ந்திருந்த அண்ணன் மட்டும் சிரிக்காமல், பெட்டி கத்திய இடத்தைத் தாளில் குறித்துக்கொண்டார்.

இராமநாதபுரத்தில் ஒரு சிறிய அறையை வாடகைக்கு எடுத்து அவர் அந்தப் பெட்டிகளைச் செய்துவந்தார். விசைப்படகு கடல் எல்லையை நெருங்கினால் ஒலியெழுப்பி எச்சரிப்பது அவற்றின் வேலை. ஒவ்வொரு சோதனைக்கும் கடலுக்குப் போக முடியாது. ஆகவே பேருந்துச் சாலையின் குறுக்கே ஒரு பொய் எல்லையை வகுத்திருந்தார். கணினியிலிருந்து பெட்டிக்குள் ஏற்றும் நிரல் ஒன்றுதான். அதை எந்த எல்லையோடு சேர்ப்பது என்பதை ஒரு சிறு கட்டளைக் கோப்பு முடிவு செய்தது. அதை ஓட்டும்போது 'கடல்' என்று சொன்னால் கடல் எல்லை; 'சாலை' என்றால் சாலை எல்லை; எதுவும் சொல்லாவிட்டாலும் சாலைதான். நாள்தோறும் சாலையிலேயே சோதித்ததால், கைக்கு எளிதாக இருக்கட்டுமென்று அப்படி எழுதியிருந்தார். இலக்கியம் படிக்கும் எனக்கே அது உறுத்தியது. "ஒன்னும் சொல்லாம விட்டுட்டா?" என்று கேட்டேன். "ஓட்டுறது நாந்தேன். எனக்கா மறக்கும்?" என்றார்.

சிக்குன்குனியாவில் அவர் விரல் மடக்க முடியாமல் வீட்டில் கிடந்த வாரம், பாம்பனுக்குப் போகவேண்டிய பெட்டி ஒன்று நிரல் ஏற்றப்படாமல் இருந்தது. படகுக்காரர் ஒருவர் வந்து காத்திருந்தார். தொலைபேசியில் அண்ணன் கட்டளையைச் சொல்லச் சொல்ல, ஓர் எழுத்தும் பிசகாமல் தட்டினேன். 'கடல்' என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. முடிவில் திரையில் 'சாலை' என்றொரு வரி வந்தது. அதை நான் பார்த்தேன். காய்ச்சலில் கிடப்பவரை மீண்டும் அழைக்கத் தயங்கினேன். அவருக்குத் தெரியாததா என்றும் எண்ணினேன். பெட்டியைக் கொடுத்தனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் கடிதத்தோடு வந்தார். எல்லை தாண்டிப் பிடிபட்ட படகை ஓட்டியவரின் மனைவி. கணவரும் மற்ற மூவரும் அக்கரைச் சிறையில் இருந்தார்கள்.

"பெட்டி கத்திருந்தா திரும்பிருப்பேன்னு எழுதிருக்காக, தம்பி. ஏன் கத்தல?"

அண்ணன் கணினியில் பழைய பதிவைத் திறந்தார். தேதி, நேரம், அதற்கெதிரே 'சாலை'. அந்தத் தேதியில் தாம் எங்கே இருந்தோம் என்பது அவருக்குத் தெரியாதா? என் பக்கம் திரும்பவே இல்லை.

"என் தப்புத்தான் அக்கா. நாந்தேன் மாத்தி ஏத்திட்டேன்."

"இந்தப் பிள்ளைதான் பெட்டியக் குடுத்துச்சுன்னாக?"

"எடுத்துக் குடுத்துச்சு, அம்புட்டுத்தேன். அதுக்கு ஒன்னும் தெரியாது."

அந்தப் பெண் எழுந்தார். "எப்ப விடுவாகன்னாவது உங்க கம்ப்யூட்டரு சொல்லுமா?"

அவர் போன பிறகு அண்ணன் கட்டளைக் கோப்பைத் திருத்தினார். எல்லை எதுவென்று சொல்லாவிட்டால் இனி அது நின்றுவிடும். "நீயே ஓட்டிப் பாரு," என்றார். ஓட்டினேன். நின்றது. அதற்குமேல் அதைப்பற்றி நாங்கள் பேசியதில்லை.

நால்வரும் ஆறு மாதத்துக்குப் பின் விடுதலையானார்கள். அதற்குள் அண்ணனிடம் பெட்டி கேட்டு வருவோர் நின்றுபோயிருந்தார்கள். இப்போது அவர் கமுதியில் ஒரு கடையில் கைபேசி பழுது பார்க்கிறார். இராமநாதபுரத்திலிருந்து பாம்பன் ஒரு மணி நேரம்தான். அந்தப் பெண்ணிடம் நான் சொல்லவேண்டியதும் ஒரே வாக்கியம்தான். பேருந்து நிலையம்வரை இருமுறை போய்த் திரும்பியிருக்கிறேன்.