புகை நின்ற வேன்

எங்கள் அப்பாவுக்குத் தெருவில் கொசுமருந்து என்று பெயர். அவருடைய பள்ளி வேன் முனையில் திரும்பினால், பின்னால் எழும் கரும்புகைக்குப் பயந்து காயப்போட்ட துணியை அள்ளிக்கொண்டு ஓடுவார்கள். அந்தப் பெயரை வைத்தது நான்தான். அவருக்கு இன்றுவரை தெரியாது.

பதினாறு வருஷமாக ஒரே வேன், ஒரே பள்ளி. காலையில் பல் துலக்கும் முன்பே டயரைத் தட்டிப் பார்ப்பார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வாசலில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டி முடிக்கும்வரை ஹாரன் அடிக்காமல் காத்திருப்பார். அதே தாமதத்தை நான் செய்தால் முதுகில் ஒன்று விழும்.

இந்த வருஷம் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. புகைச் சோதனையில் தேறாத வண்டிக்கு அடுத்த மாதத்திலிருந்து பிள்ளைகள் கிடையாது. புது வண்டி வாங்க எங்களுக்கு வக்கில்லை. இந்தப் பள்ளி போனால் அந்தக் கிழட்டு வேனை வேறு யாரும் சீந்தமாட்டார்கள்.

அப்போது பைபாஸ் சாலையில் பயோடீசல் பங்க் ஒன்று திறந்திருந்தது. ஓட்டல்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயைப் பக்குவம் செய்து டீசலுக்குப் பதிலாக விற்றார்கள். அப்பா என் வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவே கோடு போடச் சொன்னார். ஒரு பக்கம் நல்லது, மறுபக்கம் கெட்டது. வேதியியலில் நான் வாங்கிய பதினெட்டை மறந்துவிட்டார் போல.

"புகை கம்மி. எழுது."

"எழுதியாச்சு. விலையும் கொஞ்சம் கம்மி. ஆனா மைலேஜும் கம்மியாம்."

"அப்ப அது சரிக்குச் சரி."

"குளிர்ல கெட்டியாயிடுமாம்ப்பா."

"நீயுந்தான் குளிர்ல எந்திரிக்க மாட்டேங்கற. உன்ன வித்துட்டனா?"

"பழைய ரப்பர் குழாயெல்லாம் ஊறிப்போயிடுமாம்."

"மாத்திக்கலாம்டி."

நல்ல பக்கத்தில், 'புகையில் வடை வாசம் வரும், பின்னால் வருகிறவர்களுக்குப் பசிக்கும்' என்று நானாகச் சேர்த்தேன். அப்பா படித்துவிட்டு, "அதுவும் இருக்கட்டும்" என்றார்.

மெக்கானிக் மட்டும் கெட்ட பக்கத்தில் ஒரு வரி சேர்த்தார்.

"அண்ணே, உங்க டேங்க்ல பதினாறு வருஷ அழுக்கு ஒட்டிக் கெடக்கு. இந்த எண்ணெய் அத்தனையும் கழுவி இழுத்துட்டு வரும். நேரா ஃபில்டர்ல வந்து அடைச்சுக்கும். முதல் ஒரு மாசம் வாரா வாரம் புது ஃபில்டர் போடுங்க. பழச ஊதிப் போடாதீங்க."

ஊதிப் போடுவது என்பது வேன் ஓட்டுநர்கள் எல்லாரும் செய்கிற வேலை. ஃபில்டரைக் கழற்றி, டீசலில் அலசி, காற்றடித்து, மறுபடி மாட்டுவது. அப்பா அதில் கெட்டிக்காரர். ஒரு ஃபில்டரை மூன்று ஃபில்டரின் ஆயுளுக்கு ஓட்டுவார்.

அப்பா பயோடீசலுக்கு மாறினார். சோதனை நாளன்று புகையை அளக்கும் மீட்டர்க்காரர் சைலன்சரில் குழாயைச் செருகிப் பார்த்துவிட்டு, மீட்டர் கெட்டுவிட்டதோ என்று அதைத் தட்டினார். வேன் தேறிவிட்டது. அன்று மாலை அப்பா தெருவை மூன்று சுற்று சுற்றினார். யாரும் துணியை எடுக்கவில்லை. அந்த மூன்று சுற்றுக்காகவாவது அந்தப் பெயரை வைக்காமல் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

மறுவாரம் புது ஃபில்டர் ஒன்று வாங்கி வந்தார். பழையதைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னும் நல்லாத்தான இருக்கு" என்று ஊதி மாட்டினார். புதியது பெட்டியோடு டாஷ்போர்டுக்குள் போனது.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்லியிருக்கலாம். நான் எதைச் சொன்னாலும் அதில் பாதி பொய் என்பது வீட்டில் ஊறிப்போன எண்ணம்; யார் கேட்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முதல் நாள். வேனில் பதினோரு பேர், அதில் நான்கு பேர் தேர்வு எழுதுகிறவர்கள். பாலத்தைத் தாண்டியதும் வேன் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

அப்பா ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே தார் போல் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. டாஷ்போர்டிலிருந்து புதியதை எடுத்து மாட்டினார். ஆனால் குழாயில் காற்று புகுந்துவிட்டால் அதை வெளியேற்றும்வரை எஞ்சினுக்கு எண்ணெய் ஏறாது. சின்னக் கைப்பம்பைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித்தான் வெளியேற்ற வேண்டும். நூறு முறை, இருநூறு முறை அழுத்தியிருப்பார். எங்கள் மலையூரில் மார்ச் மாதத்திலும் காலைக் குளிர் விடாது; அந்தக் குளிரில் எண்ணெய் கூழாக இருந்தது. சாவியைத் திருப்பித் திருப்பி பேட்டரியும் இறங்கியது.

"அங்கிள், மணி ஒம்போதே முக்கால்" என்றாள் தேர்வு எழுதுகிறவர்களில் ஒருத்தி. அவள் குரலில் கோபம்கூட இல்லை.

அப்பா நடுரோட்டில் நின்று கை காட்டினார். இரண்டு ஸ்கூட்டர்கள் நின்றன. நால்வரையும் ஏற்றி அனுப்பினார். தேர்வு பத்து மணிக்கு; தொடங்கி அரை மணிக்குப் பிறகு கதவு திறக்காது. முதல் ஸ்கூட்டரில் போன இருவர் உள்ளே போனார்கள். இரண்டாவது நெரிசலில் மாட்டிக்கொண்டது. அதில் இருந்த இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

பள்ளி அலுவலகத்தில் அப்பா சாக்கு எதுவும் சொல்லவில்லை. எண்ணெயைக் குறை சொல்லியிருக்கலாம், குளிரைச் சொல்லியிருக்கலாம்.

"ஃபில்டர் வண்டியிலதாங்க இருந்துச்சு. நான் மாட்டல" என்றார்.

வீட்டில் அம்மா கேட்டாள். "அத ஏன் அங்க போய்ச் சொன்னீங்க? எண்ணெய் சரியில்லன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதான?"

"எண்ணெய் அது வேலையத்தான் செஞ்சிது" என்றார்.

திங்கட்கிழமை அப்பாவின் வேனுக்குப் பதிலாகப் பள்ளி வேறொரு வேனை அனுப்பியது. அப்பா அதில் முன்சீட்டில் உட்கார்ந்து, புது ஓட்டுநருக்கு நிறுத்தங்களைக் காட்டிக்கொண்டு வந்தார். அவரை யாரும் அழைக்கவில்லை.

"இந்தப் புள்ளைக்கு வாந்தி வரும், ஜன்னலோரம் உக்கார வைங்க. அந்த வீட்ல ஹாரன் அடிக்காதீங்க தம்பி, கைக்கொழந்த தூங்கும்."

"சரிங்கண்ணே, சரிங்கண்ணே" என்று புது ஓட்டுநர் தலையாட்டினார். ஒன்றையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. நான் கடைசி சீட்டில் இருந்தேன்.

பள்ளி வாசலில் பதினோரு பேரும் இறங்கினோம். அப்பாவும் இறங்கினார். புது ஓட்டுநர் திரும்ப ஏறிக்கொள்ளச் சொல்வார் என்று கதவருகே கொஞ்ச நேரம் நின்றார். வேன் கிளம்பிவிட்டது. வீடு ஏழு கிலோமீட்டர். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.